நண்பர்களோடு அயர்லாந்தில் எட்டு நாள் கார் பயணம்: கிராமத்துச் சாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

அயர்லாந்து சிறிய நாடு. கிழக்கே டப்ளினிலிருந்து மேற்குக் கரையில் உள்ள கால்வே வரை மோட்டார்வே என்ற அதிவேக நெடுஞ்சாலையில் சுமார் 210 கிலோமீட்டர். இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடலாம். இதைப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்தில் நாட்டையே சுற்றிவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். திட்டம் கெட்டுப்போவது அங்கேதான். நீங்கள் பார்க்கப் போகும் இடங்கள் எதுவும் மோட்டார்வேயில் இல்லை. இரண்டு பக்கமும் கல்சுவர், நடுவில் ஒன்றரைக் கார் அகலம், வளைவுக்கு அப்பால் ஆட்டுக்கூட்டம் என்ற மாதிரியான சாலைகளில்தான் மேற்கு அயர்லாந்து இருக்கிறது. அங்கே 60 கிலோமீட்டர் போக ஒன்றரை மணி நேரம் ஆவது சாதாரணம்.

ஆகவே முதல் விதி இது: கிராமத்துச் சாலைகளில் ஒரு நாளைக்கு 150 முதல் 180 கிலோமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். மேப் செயலி காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். அது வண்டி ஓடும் நேரம் மட்டுமே. நின்று பார்ப்பது, சாப்பிடுவது, ‘இங்கே ஒரு போட்டோ’ என்று இறங்குவது எல்லாம் தனி. நண்பர்கள் கூட்டம் என்றால் நிற்கும் நேரம் ஓடும் நேரத்தைவிட அதிகமாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும்.

எந்த மாதம், எத்தனை பேர்

மே, ஜூன், செப்டம்பர். இந்த மூன்றில் ஒன்றைப் பிடியுங்கள். ஆண்டிலேயே வெயில் அதிகம் கிடைப்பது மே, ஜூன் மாதங்களில்தான். ஜூனில் மேற்குக் கரையில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். தெருவிளக்கே இல்லாத குறுகிய சாலைகளில் அப்போது ஓட்டுவது புதியவர்களுக்கு நல்லதல்ல. மழை எல்லா மாதமும் உண்டு. மேற்கின் சில பகுதிகளில் வருடத்துக்கு 225 நாள் வரை மழை பெய்கிறது. மழையில்லாத நாளைத் தேடாதீர்கள். அது ஒரு மணி நேரம் பெய்யும், நிற்கும், வெயில் அடிக்கும், மறுபடி பெய்யும். தலையை மூடும் மழைக்கோட்டு வேண்டும். குடையால் பயனில்லை, கடற்காற்று மடக்கிவிடும்.

தேதி குறிக்கும் முன் சில நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலை கடைசியில் கால்வே குதிரைப் பந்தய வாரம். அந்த ஊரில் அறை கிடைக்காது. ஜூலை முதல் சனிக்கிழமை, தென்மேற்கின் சுற்றுச் சாலையான ரிங் ஆஃப் கெர்ரி முழுக்க சைக்கிள் பயணிகள் இருப்பார்கள். ஆகஸ்ட் 10 முதல் 12 வரை அதே சாலையில் உள்ள கில்லார்க்லின் ஊரில் பக் திருவிழா. மே, ஜூன், ஆகஸ்ட் மாதங்களின் முதல் திங்கள் அரசு விடுமுறை என்பதால், அதற்கு முந்தைய சனி, ஞாயிறுகளில் ஊர் மக்களே மேற்குக்குக் கிளம்பிவிடுவார்கள்.

ஒரு காருக்கு நான்கு பேர் சரியான எண்ணிக்கை. ஐந்தாவது ஆள் ஏறினால் பின் சீட்டில் நடுவில் உட்காருபவருக்கு எட்டு நாளும் தண்டனை, பெட்டிகளுக்கும் இடமில்லை. அதற்காகப் பெரிய வேன் எடுப்பதும் சரியல்ல. அந்த அகலம் இந்தச் சாலைகளுக்கு ஒத்துவராது. ஆறு பேர் என்றால் இரண்டு சிறிய கார்கள் எடுங்கள்.

விசாவும் ஓட்டுநர் உரிமமும்

இந்தியக் குடிமக்களுக்கு அயர்லாந்தின் தனி விசா வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா இங்கே செல்லாது. வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. எல்லையில் சோதனைச் சாவடி இல்லை என்பதால் பலர் யோசிக்காமல் தாண்டிவிடுகிறார்கள், ஆனால் சட்டப்படி பிரிட்டன் விசா தேவை. இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்கு பிரிட்டிஷ்-ஐரிஷ் கூட்டு விசாத் திட்டம் இருக்கிறது. அந்த முத்திரை விசாவில் இருந்தால் ஒரே விசாவில் இரண்டு பக்கமும் போகலாம். பயணத்துக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே விண்ணப்பிப்பது நிம்மதி.

சுற்றுலா வருபவர் செல்லுபடியாகும் இந்திய உரிமத்தோடு ஓட்டலாம். ஆனாலும் ஊரில் ஆர்.டி.ஓ. மூலம் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கிக்கொண்டு வாருங்கள். வாடகைக் கார் கவுண்டரில் சிலர் அது இல்லாமல் சாவி தருவதில்லை. டப்ளினிலோ கார்க்கிலோ வேலைக்கு வந்து குடியேறிவிட்ட நண்பருக்குக் கணக்கு வேறு. இந்திய உரிமத்தை ஐரிஷ் உரிமமாக நேரடியாக மாற்ற வழியில்லை. அவர் தியரி தேர்வு, லேர்னர் பர்மிட், ஓட்டுநர் தேர்வு என்று முறைப்படி போக வேண்டும். ‘இங்கேயே இருக்கிறவன், அவன் ஓட்டட்டும்’ என்று முடிவெடுக்கும் முன் அவர் கையில் எந்த உரிமம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காரை எடுக்கும்போது

இந்தப் பயணத்தில் பணம் அதிகம் வீணாவது வாடகைக் கார் கவுண்டரில்தான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் அளவு. காம்பாக்ட் வகை போதும்: கோல்ஃப், கொரோலா அளவு. ஆனால் அதன் டிக்கியில் பெரிய டிராலி பெட்டி இரண்டுதான் நிற்கும். நான்கு பேரும் மடக்கக்கூடிய துணிப்பை கொண்டுவந்தால் எல்லாம் அடங்கும். அயர்லாந்தில் மேனுவல் கியர் வண்டிதான் மலிவு. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள், விலையும் கூடும். மேனுவல் ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேர் இருந்தால் அந்தப் பணத்தை நல்ல இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டுநர்களாக இரண்டு பேரைப் பதிவு செய்யுங்கள். கூடுதல் ஓட்டுநருக்கு நாள் கட்டணம் உண்டு. அதை மிச்சம் பிடிக்க, பதியாத ஒருவர் ‘கொஞ்ச தூரம்தானே’ என்று உட்கார்ந்தால் காப்பீடு மொத்தமும் செல்லாமல் போகும். பல நிறுவனங்கள் 25 வயதுக்குக் கீழே வண்டி தருவதில்லை, அல்லது கூடுதலாக வாங்குகின்றன. முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். டெபிட் கார்டோடு வந்து கவுண்டரில் தவிப்பவர்களை விமான நிலையத்தில் அடிக்கடி பார்க்கலாம்.

அடுத்தது காப்பீடு. வாடகையில் சேர்ந்து வரும் அடிப்படைக் காப்பீட்டில், சேதத்தின் முதல் பகுதி உங்கள் பொறுப்பு. அந்தத் தொகை 1,500 யூரோவிலிருந்து 3,000 யூரோ வரை இருக்கலாம். அது கார்டில் பிடித்து வைக்கப்படும். இதைச் சுழியமாக்க இரண்டு வழி. நிறுவனத்தின் கூடுதல் காப்பீட்டை எடுக்கலாம்: விலை அதிகம், ஆனால் கீறல் விழுந்தாலும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். வெளி நிறுவனத்தில் தனிக் காப்பீடு வாங்கலாம்: மிக மலிவு, ஆனால் கார்டில் தொகை பிடிக்கப்படும், சேதம் என்றால் நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டும். கார்டில் வரம்பு குறைவாக உள்ளவர்கள் முதல் வழியில் போவதே நல்லது. எதை எடுத்தாலும் ஒன்றைக் கேளுங்கள்: டயர், ரிம், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், சாவி ஆகியவை இதில் சேருமா? அடிப்படைக் காப்பீட்டில் பெரும்பாலும் சேராது. கிராமத்துச் சாலையில் அடிபடுவது இவைதான்.

சாவி வாங்கியதும் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். இடப்பக்கத்தில் நின்று நிதானமாக எடுங்கள்: இரண்டு ரிம், டயரின் பக்கச்சுவர், கதவுகளின் கீழ்விளிம்பு, பக்கக் கண்ணாடியின் ஓடு. முன்பு ஓட்டியவர்களின் கீறல் அங்கேதான் இருக்கும். காகிதத்தில் குறிக்காத ஒவ்வொரு கீறலையும் ஊழியரிடம் காட்டி எழுத வையுங்கள். பிறகு டிக்கியில் பாயைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதைய வண்டிகள் பலவற்றில் இல்லை. நுரை அடைக்கும் கிட்தான் இருக்கும். ஆணி குத்திய ஓட்டையை நுரை அடைக்கும். கல்சுவர் டயரின் பக்கச்சுவரைக் கிழித்தால் அதனால் ஒன்றும் ஆகாது. ஸ்டெப்னி உள்ள வண்டி இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

வட அயர்லாந்துக்குள் போகும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லுங்கள். எல்லை தாண்டக் கட்டணம் இருக்கலாம்.

டப்ளினில் தங்கும் நாட்களுக்குக் கார் எடுக்காதீர்கள். நகருக்குள் பார்க்கிங் விலை கொள்ளை, ஓட்டுவதும் சிரமம். நகரைப் பார்த்து முடித்த பிறகு விமான நிலையத்துக்கு பஸ்ஸில் போய் அங்கே எடுங்கள்.

சாலைகள், வேகம், பழக்கங்கள்

நம்மைப் போலவே இங்கேயும் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங் வலப்பக்கம். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ ஓட்டிப் பழகியவர்களுக்குப் பாதிப் பயம் இதிலேயே போய்விடும். மிச்சப் பாதி, பழக்கத்தில்தான் இருக்கிறது.

சாலை எண்ணின் முன்னெழுத்தே அதன் தரத்தைச் சொல்லும். எம் என்றால் மோட்டார்வே, வேக வரம்பு மணிக்கு 120 கிலோமீட்டர். என் என்றால் தேசியச் சாலை, 100. ஆர் என்றால் வட்டாரச் சாலை, 80. எல் என்றால் உள்ளூர்ச் சாலை. 2025 பிப்ரவரியில் அதன் வரம்பை 80-லிருந்து 60 ஆகக் குறைத்தார்கள். ஊருக்குள் 50. வேறு எண்ணுள்ள பலகை இருந்தால் அதுதான் செல்லும். இவை உச்ச வரம்புகள் மட்டுமே. 80 என்று பலகை நிற்கும் ஆர் சாலையின் வளைவில் 45-க்கு மேல் போக முடியாது. வட அயர்லாந்தில் பலகைகள் மைல் கணக்கில் இருக்கும்.

ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும், உங்கள் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழி. மூக்கை நுழைத்து இடம் பிடிக்கும் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட வேண்டும். ஹாரன் ஆபத்தைச் சொல்ல மட்டும். சும்மா அடித்தால் திட்டியதாக அர்த்தம். ஹெட்லைட்டை ஒருமுறை மின்னினால் நம் ஊரில் ‘நான் வருகிறேன், நில்’ என்று பொருள். இங்கே எதிரே வருபவர் மின்னினால் பெரும்பாலும் ‘நீங்கள் வாருங்கள்’ என்று பொருள். இரண்டு பேரும் தம் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் குறுகிய பாலத்தின் நடுவில் மோதிக்கொள்வார்கள். மின்னினாலும், வண்டி நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே நகருங்கள்.

மோட்டார்வேயில் வலது லேன் முந்துவதற்கு மட்டும். முந்தியதும் இடப்பக்கம் திரும்பிவிடுங்கள். எல்லோருக்கும் சீட் பெல்ட் கட்டாயம், போனைக் கையில் எடுக்கக் கூடாது. மதுவின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், தொழில்முறை ஓட்டுநர்களுக்கும் புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும் 20. காலையிலும் நிறுத்தி ஊதச் சொல்வார்கள். முந்தைய இரவின் மிச்சம் காலையில் பிடிபடும். இரண்டு ஓட்டுநர் என்பதன் உண்மையான பயன் இதுதான்: ஒரு நாள் ஒருவர் குடிக்காமல் இருந்தால் மறுநாள் காலை அவர் ஓட்டலாம்.

மேற்கில் ஐரிஷ் மொழி பேசும் பகுதிகளுக்குள் நுழைந்ததும் பலகைகளில் ஆங்கிலம் மறைந்துவிடும். டிங்கிள் ஊர் சில பலகைகளில் ‘அன் டயங்கன்’ என்று எழுதியிருக்கும். முக்கோணப் பலகையில் ‘கேல் ஷ்லீ’ என்று இருந்தால் வழிவிடு என்று பொருள். கழிப்பறைக் கதவில் ‘ஃபிர்’ ஆண்களுக்கு, ‘ம்னா’ பெண்களுக்கு. எம் எழுத்தைப் பார்த்து ஆண்கள் உள்ளே போய்விட வேண்டாம்.

எதிரே வண்டி வந்தால்

நடுவில் புல் முளைத்த ஒற்றைச் சாலை, இடப்பக்கம் பச்சை வேலி. அந்த வேலி மெத்தென்று தெரியும். அதற்குள் நூறு வருடக் கல்சுவர் இருக்கிறது. எதிரே டிராக்டர் வருகிறது. என்ன செய்வது?

வேகத்தை உடனே குறையுங்கள், நின்றாலும் தப்பில்லை. இடப்பக்கம் ஒதுங்க இடமிருந்தால் அதில் இறங்குங்கள். ஒதுங்கும் இடம் வலப்பக்கம் இருந்தால் அதற்குள் குறுக்கே புகக் கூடாது. அதற்கு நேராக உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எதிரே வருபவர் அதில் சுற்றிப் போவார். இரண்டுமே இல்லையென்றால் ஒதுங்கும் இடத்துக்கு அருகில் இருப்பவர் பின்னால் போக வேண்டும். அது நீங்களாக இருந்தால், பின் சீட்டில் இருப்பவர் ஒருவர் இறங்கிச் சைகை காட்டட்டும். டிராக்டர், பஸ், ஆட்டுக்கூட்டம் ஆகியவற்றுக்கு எப்போதும் நீங்கள்தான் வழிவிட வேண்டும். கடந்ததும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள், நீங்களும் தூக்குங்கள். நன்றி என்று பொருள்.

இடப்பக்கக் கதவோரம் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: பக்கக் கண்ணாடிக்கும் வேலிக்கும் உள்ள இடைவெளியை அவர் சொல்லிக்கொண்டே வரட்டும். ஓரப் புல்தரையில் முழுச் சக்கரத்தையும் இறக்காதீர்கள். மேற்கே கானமாரா, வடமேற்கே டோனகல் பக்கம் புல்லுக்கு அடியில் இருப்பது சதுப்பு மண்; நிற்கும் வண்டி மெல்ல மெல்ல உள்ளே போகும்.

வண்டி நிறுத்தும்போது வயல் கேட்டை மறைக்காதீர்கள். ஆள் இல்லாத மாதிரி இருக்கும். பத்து நிமிடத்தில் விவசாயி டிராக்டரோடு வந்து நிற்பார். திறந்திருந்த கேட்டைத் திறந்தே விடுங்கள், மூடியிருந்ததை மூடிவிடுங்கள்.

மேப் செயலியில் ‘குறைந்த நேரம்’ என்ற வழி இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்க உங்களை எல் சாலைக்குள் தள்ளும். புறப்படும் முன் வழியைப் பெரிதாக்கிப் பார்த்து, என் மற்றும் ஆர் சாலைகளில் போகும்படி நடுவில் ஓர் ஊரைச் சேர்த்துவிடுங்கள். மலைக் கணவாய்களில் சிக்னல் போகும். வரைபடத்தை முன்னதாகவே இறக்கிக்கொள்ளுங்கள். தங்குமிடத்தின் ஏர்கோடைக் கேட்டு வாங்குங்கள். 2015-ல் வந்த இந்த ஏழு எழுத்துக் குறியீடு ஒவ்வொரு முகவரிக்கும் தனி. தெருப்பெயரே இல்லாத கிராமங்களில் இது இல்லாமல் வீட்டைக் கண்டுபிடிப்பது கடினம்.

எட்டு நாள் வழி

முதல் நாள் விமானக் களைப்பு இருக்கும். டப்ளின் விமான நிலையத்திலிருந்து கில்கெனி வரை சுமார் 130 கிலோமீட்டர், பெரும்பாலும் மோட்டார்வே, அதோடு நிறுத்துங்கள். டப்ளினைச் சுற்றும் எம் 50 சாலையில் கட்டணச் சாவடி இல்லை. கேமரா எண்ணைப் படம் பிடிக்கும். மறுநாள் இரவு 8 மணிக்குள் ஈஃப்ளோ என்ற இணையதளத்தில் கட்ட வேண்டும். தவறினால் அபராதம், அதன் மேல் வாடகை நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணம். சில நிறுவனங்கள் வாடகையோடு தாமே கட்டிவிடும். கவுண்டரிலேயே கேளுங்கள்.

இரண்டாம் நாள் கேஷல் பாறைக் கோட்டை, பிறகு கில்லார்னி. கேஷலில் 1134-ல் அர்ப்பணிக்கப்பட்ட கார்மக் தேவாலயம் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கில்லார்னியில் இரண்டு இரவு தங்குங்கள். 1932-ல் உருவான, நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஊரை ஒட்டியே இருக்கிறது. டன்லோ கணவாய் பொதுச்சாலைதான் என்றாலும் கோடையில் பகல் நேரத்தில் காரை உள்ளே விடாதீர்கள். குதிரை வண்டிகளும் நடப்பவர்களும் நிறைந்த இடம். நடந்தோ வாடகைச் சைக்கிளிலோ போவதே அழகு.

மூன்றாம் நாள் ரிங் ஆஃப் கெர்ரி, 179 கிலோமீட்டர். சுற்றுலா பஸ்கள் கில்லார்னியிலிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கிளம்பும். அதே திசையில் போனால் நாள் முழுக்க பஸ் பின்னால் ஊர்வீர்கள். எதிர்த்திசையில் போனால் வளைவுகளில் நேருக்கு நேர் சந்திப்பீர்கள். எங்கள் பரிந்துரை: பஸ் திசையிலேயே, ஆனால் காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள். கஹர்சிவீன் தாண்டியதும் போர்ட்மாகீ பக்கம் பிரியும் ஸ்கெலிக் ரிங் சாலையில் பெரிய பஸ்கள் வருவதில்லை. ஏற்றம் செங்குத்து, சாலை குறுகல், ஆனால் கெர்ரியின் மிகச் சிறந்த கடற்காட்சி அங்கேதான். ஆறாம் நூற்றாண்டுத் துறவிகளின் கல்குடில்கள் உள்ள ஸ்கெலிக் மைக்கேல் தீவில் இறங்க வேண்டுமானால் பல மாதம் முன்பே படகைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு 180 பேருக்குத்தான் அனுமதி, மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை மட்டும். 618 படிகள், கைப்பிடி இல்லை. கடல் சரியில்லையென்றால் அன்று காலையில்தான் ரத்து என்று சொல்வார்கள். ஆகவே அதற்கு மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும்.

நான்காம் நாள் இன்ச் கடற்கரை வழியாக டிங்கிள், 65 கிலோமீட்டர். இன்ச்சில் மணலில் கார் ஓட்ட அனுமதி உண்டு. ஓட்டாதீர்கள். அலை ஏறும் நேரம் தெரியாமல் சிக்கும் வண்டிகள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு, வாடகைக் காப்பீடு அதற்குப் பணம் தராது. டிங்கிளிலிருந்து ஸ்லீ ஹெட் சுற்றுச் சாலை சுமார் 50 கிலோமீட்டர். இதைக் கடிகாரத் திசையில்தான் சுற்ற வேண்டும்: கடல் உங்கள் இடப்பக்கம் இருக்கும், எல்லோரும் ஒரே திசையில் போவதால் குறுகலான இடங்களில் எதிரே வண்டி வருவது குறைவு. மாலை நான்குக்கு மேல் போனால் சாலை காலியாகிவிடும், வெளிச்சமும் மேற்கிலிருந்து விழும். ஓரிடத்தில் ஓடை சாலையின் மேலேயே ஓடும்; மெதுவாகக் கடக்கலாம். டன்குவின் படகுத்துறைக்கு வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் புகழ்பெற்ற பாதையில் மட்டும் காரை இறக்காதீர்கள். அது நடைபாதை. இறங்கிய கார் திரும்ப முடியாது. மேலே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். எதிரே தெரியும் பிளாஸ்கெட் தீவுகளிலிருந்து கடைசிக் குடும்பங்கள் 1953-ல் கரைக்குக் கொண்டுவரப்பட்டன.

ஐந்தாம் நாள் கானர் கணவாய் வழியாக டிரலீ, லிஸ்டோவல், டார்பெர்ட் ஊர்கள். கணவாயின் வடபக்கத்தில் பாறை சாலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். பெரிய வேனுக்கும் கேம்பர் வேனுக்கும் தடை, சிறிய காருக்குப் பிரச்சினையில்லை. மேகம் இறங்கியிருந்தால் போவதில் பயனில்லை. என் 86 வழியாகப் போய்விடுங்கள். டார்பெர்ட்டில் கார் படகு மணிக்கு ஒரு முறை; இருபது நிமிடத்தில் ஷானன் ஆற்றைத் தாண்டிவிடலாம். லிமெரிக் சுற்றிப் போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். இரவு டூலினில். பப்களில் இசை ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் தொடங்கும்.

ஆறாம் நாள் மோஹர் பாறைச்சரிவுகள், உச்சத்தில் 214 மீட்டர். காலை எட்டு மணிக்கு அங்கே இருங்கள், பதினொன்றுக்குள் டப்ளின் பஸ்கள் வந்துவிடும். டிக்கெட்டை ஆன்லைனில் வாங்குங்கள். ஆள் கணக்கில் கட்டணம், பார்க்கிங் அதில் அடக்கம். நடைபாதையின் சில பகுதிகள் பாதுகாப்புக்காக மூடப்படுவதுண்டு. தடுப்பைத் தாண்டிப் படம் எடுக்காதீர்கள். விளிம்பு மண் உதிரக்கூடியது, காற்று திடீரென்று தள்ளும். பிறகு ஃபனோர், பிளாக் ஹெட் வழியாகக் கடலோரமாக பாலிவான் வரை வந்து, ஆர் 480-இல் பூல்னபிரோன் கல்திட்டைக்கு. 5,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. பர்ரன் என்ற இந்தப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறைப் பாளங்கள், இடையில் முழங்கால் ஆழப் பிளவுகள். செருப்போடு நடந்தால் கணுக்கால் போகும். இரவு கால்வே.

ஏழாம் நாள் கானமாரா. என் 59-இல் கிளிஃப்டன் வரை 80 கிலோமீட்டர். இந்தப் பக்கத்துச் சாலைகள் பல சதுப்பின் மேல் போடப்பட்டவை. மண் சீராக அமிழாததால் தார் அலை அலையாக இருக்கும். நாலு பேரும் சுமையும் ஏறிய வண்டி வேகமாகப் போனால் அடி தட்டும். கிளிஃப்டனுக்குத் தெற்கே டெரிகிம்லா சதுப்பில் 5 கிலோமீட்டர் நடைவழி இருக்கிறது. மார்க்கோனி 1907-ல் அட்லாண்டிக் கடந்த வானொலித் தந்திச் சேவையை இங்கிருந்துதான் தொடங்கினார். 1919 ஜூன் 15 அன்று, அட்லாண்டிக்கை நிற்காமல் முதலில் பறந்து கடந்த ஆல்காக், பிரவுன் இருவரின் விமானம் இங்கேதான் மூக்கு குத்தி இறங்கியது. கூட்டமே இருக்காது. நேரம் குறைவென்றால் கைல்மோர் மடத்தை விட்டுவிட்டு இதைப் பாருங்கள். மாலையில் கிளிஃப்டனை ஒட்டிய கடலோரச் சாலையான ஸ்கை ரோடு. இரவு கிளிஃப்டன். எட்டாம் நாள் டப்ளின், 290 கிலோமீட்டர், இடைநிறுத்தம் சேர்த்து ஐந்து மணி நேரம்.

தங்குவதும் சாப்பிடுவதும்

கிராமத்து பப்களின் சமையலறை எட்டரை, ஒன்பதுக்கெல்லாம் மூடிவிடும். வெளிச்சத்தை நம்பி ஒன்பதரைக்கு உள்ளே போனால் பானம் மட்டும்தான். ஏழரைக்குள் உட்காருங்கள், நான்கு பேருக்கு மேல் என்றால் மதியமே போன் செய்து மேசை பிடியுங்கள். காய்கறி சூப்பும் சோடா ரொட்டியும் எங்கும் கிடைக்கும். சைவர்கள், சூப் கோழி வடிநீரில் செய்ததா என்று கேட்க வேண்டும். சில கடைகளில் சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள், அதையும் கேளுங்கள்.

நடுவில் இரண்டு இரவாவது சமையலறை உள்ள வீட்டை எடுத்தால் செலவும் குறையும், நாக்குக்கும் ஆறுதல். அரிசி, பருப்பு, காய், முட்டை எல்லாம் சூப்பர்வேலு, லிடில், ஆல்டி கடைகளில் உண்டு. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் ஊரிலிருந்து கொண்டுவரலாம். நெய், பால்கோவா உள்ளிட்ட பால் பொருட்களும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை, எடுத்துவிடுவார்கள். பிளக் பிரிட்டிஷ் பாணி, பட்டையான மூன்று முனை.

செலவுக் கணக்கு

மொத்தத் தூரம் சுமார் 1,300 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டர் என்றால் 85 லிட்டர். லிட்டர் 1.75 யூரோ என்று வைத்தால் 150 யூரோ, நான்கு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு நாற்பதுக்குள். பெட்ரோல் குழாய் பச்சை, டீசல் கறுப்பு. மூடியின் உள்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள். தவறானதைப் போட்டுவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். செய்யாதவரை டேங்கை மட்டும் காலி செய்தால் போதும். நீங்களே நிரப்பி உள்ளே போய்ப் பணம் கட்ட வேண்டும். கானமாராவில் டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பார்க்கிங் இயந்திரத்துக்கு ஒன்று, இரண்டு யூரோ நாணயங்கள் இருக்கட்டும்.

முதல் நாளே ஆளுக்கு ஒரு தொகையை ஒருவரிடம் கொடுத்துப் பொதுப்பணம் வைத்துக்கொள்ளுங்கள்; எரிபொருள், கட்டணம், பார்க்கிங், கடைச் சாமான் அதிலிருந்து. காப்பீட்டுக்கு வெளியே சேதம் வந்தால் அன்று ஓட்டியவர் தலையிலா, நால்வர் தலையிலுமா என்பதையும் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். நால்வரும் பிரித்துக்கொள்வதே நியாயம். ஓட்டுபவர் எல்லோருக்காகவும்தான் ஓட்டுகிறார்.

ஏதாவது ஆனால்

அவசரத்துக்கு 112 அல்லது 999. அடிபட்டவர் இல்லையென்றாலும் படம் எடுத்து, எதிர்த் தரப்பின் பெயர், வண்டி எண், காப்பீட்டு விவரம் வாங்கி வாடகை நிறுவனத்துக்கு உடனே சொல்லுங்கள். சின்னக் கீறலைக் கூட உள்ளூர் பட்டறையில் சரிசெய்து மறைக்க முயலாதீர்கள். ஒப்பந்தம் அதை அனுமதிக்காது. காட்சிமுனைகளில் பைகளை இருக்கையில் விட்டுப் போகாதீர்கள், கண்ணாடி உடைக்கும் திருட்டு உண்டு. வானிலை மையமான மெட் ஏரன் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தால் அன்று மலைக் கணவாய், கடலோரச் சாலை வேண்டாம். சிவப்பு என்றால் வீட்டைவிட்டே கிளம்பாதீர்கள்.

கடைசி நாள் எம் 6-இலும் எம் 4-இலும் சாவடியில் பணம் கட்டுவீர்கள். அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எம் 4-இலிருந்து விமான நிலையத்துக்குத் திரும்பும்போது எம் 50 கேமராவைத் தாண்டுகிறீர்கள். விமான நிலையத்துக்கு முன்பே டேங்கை நிரப்பி, ரசீதை வைத்துக்கொண்டு, ஒப்படைக்கும் இடத்தில் மறுபடி ஒரு வீடியோ எடுத்து, ஊழியரிடம் ‘சேதமில்லை’ என்று எழுதி வாங்குங்கள். பிறகு விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே ஈஃப்ளோ கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.